பிங்க் ரோஜா என்றால் "நன்றி" என்று முடிவு செய்தது யார்?

தேன்மொழி_வத்தலக்குண்டு

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல் எடுத்த டீச்சர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். எங்கள் செட்டில் நாலைந்து பேர் சேர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். பூங்கொத்துக்கு ஒரு கடையில் விசாரித்தேன். லேமினேஷன் போட்ட அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்கள். சிவப்பு காதல், மஞ்சள் நட்பு, வெள்ளை தூய்மை, பிங்க் நன்றி. "டீச்சருக்குத்தானே, பிங்க் எடுத்துக்குங்க, அதுதான் பொருத்தம்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. அம்மா வீட்டுக் கிணற்றடியில் இன்னமும் ஒரு பன்னீர் ரோஜாச் செடி நிற்கிறது. அதுவும் பிங்க்தான், ஆனால் அம்மா வாயில் பிங்க் என்ற சொல் வந்ததே இல்லை, ரோஸ் கலர் என்றுதான் சொல்வார். சாமி படத்துக்கு வைப்பார், என் சடையில் வைப்பார், தெருவில் யாராவது தவறிவிட்டால் அவர்கள் வீட்டிலிருந்து வந்து கேட்டுப் பறித்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நானே இந்த டீச்சருக்கு ஒன்றிரண்டு முறை கொண்டுபோயிருக்கிறேன். எதற்கும் யாரும் அர்த்தம் சொன்னதில்லை. இந்த அட்டையில் இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

ஏடு_புரட்டி

நல்ல கேள்வி அம்மா. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இதை ஒரு காலத்தில் ஆசை ஆசையாகத் தேடிப் படித்திருக்கிறேன்.

அந்த அட்டைக்கு அவ்வளவு வயதில்லை. பூவுக்குப் பூ அர்த்தம் எழுதி அகராதி போடும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். விதை அதற்கு முன்பே விழுந்தது. 1717, 1718 வாக்கில் ஆங்கிலத் தூதரின் மனைவியாக இஸ்தான்புல்லில் இருந்த மேரி வோர்ட்லி மாண்டேகு, அங்கே பெண்கள் பூ, பழம், நூல் என்று சின்னச் சின்னப் பொருள்களை அனுப்பியே சேதி சொல்லிக்கொள்கிறார்கள் என்று கடிதத்தில் எழுதினார். அங்கே அர்த்தம் பிறந்தது பொருளின் பெயரோடு ஓசை ஒத்து வரும் ஒரு வரியிலிருந்து. நம் ஊர் விடுகதை, சொலவடை மாதிரி, காதால் நினைவு வைப்பது. நிறத்துக்கு அதில் வேலையில்லை. ஐரோப்பாவுக்கு வந்தபோது அந்த ஓசை உதிர்ந்துபோனது, பூவுக்கு ஒரு ரகசிய மொழி உண்டு என்ற எண்ணம் மட்டும் தங்கியது. 1819-இல் பாரிசில் ஷார்லோட் த லா தூர் என்ற புனைபெயரில் ஒரு பூமொழி நூல் வந்து சக்கைப்போடு போட்டது. அப்புறம் இங்கிலாந்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1884-இல் கேட் கிரீனவே படம் வரைந்து கொடுத்தது அதில் பெயர் பெற்றது.

அந்தக் கிரீனவே பட்டியலை எடுத்துப் பார்த்தால் உங்கள் கடை அட்டை நிற்காது. டமாஸ்க் ரோஜா என்றால் பளிச்சென்ற மேனி. கேபேஜ் ரோஜா, அதாவது முட்டைக்கோஸ் மாதிரி இதழ் இதழாக அடைந்து கிடப்பது, காதலின் தூதர். மெய்டன்ஸ் பிளஷ் என்றால் "என்மேல் அன்பிருந்தால் நீயே கண்டுபிடிப்பாய்". மூன்றுமே பிங்க் ரோஜாக்கள்! ஒரே நிறத்துக்குள் மூன்று அர்த்தம், அதில் நன்றி கிடையாது. நன்றிக்கு அந்தப் பட்டியலில் அக்ரிமனி என்ற மஞ்சள் காட்டுப்பூவைப் போட்டிருக்கிறார்கள். வகைக்கு ஓர் அர்த்தம் என்று இருந்தது நிறத்துக்கு ஓர் அர்த்தம் என்று சுருங்கியது, வாங்குபவருக்கு வகை தெரியாமல் போன பிறகுதான் என்று நினைக்கிறேன்.

பூக்கடை_சரவணன்

ஐயா, கடைக்காரன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பதினேழு வருடமாகக் கொத்து கட்டுகிறேன். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் தயங்கித்தான் நிற்பார்கள். மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட நர்ஸுக்குக் கொடுக்கலாமா, மேலதிகாரி அம்மாவுக்குக் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று பயம். "பிங்க் கொடுங்க, நன்றின்னு அர்த்தம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் முகம் தெளிந்துவிடும். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது நன்றி என்று பட்டால் அப்புறம் அதுதானே அர்த்தம்? எவ்வளவு நாள் பழசு என்பது முக்கியமா?

ஏடு_புரட்டி

சரவணன், நீங்கள் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பழக்கத்தில் வந்துவிட்டால் அது அர்த்தம்தான். எனக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்று. சிவப்புதான் அசல் ரோஜா, பிங்க் அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிய மாதிரி, பாதிக் காதல், மரியாதைக்கான பூ என்ற நினைப்பு அந்த அட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. வரலாறு அப்படியே தலைகீழ். மூத்தவள் பிங்க்.

கௌரி_பாரிஸ்

ஐயா சொல்லுறது நூற்றுக்கு நூறு உண்மை, நானே கண்ணால் கண்டனான், அதால் எழுதுறன். நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமா பாரிசுக்குத் தெற்கே இருக்கிறன். இங்க லாயி-லே-ரோஸ் என்று ஒரு ஊர் இருக்கு, பேரிலேயே ரோஜா. 1899-இல் ஜூல் கிராவெரோ என்றவர் அங்க ரோஜாவுக்கென்றே ஒரு தோட்டம் போட்டவர். ஜூன் மாதம் போனால் பழைய ரோஜாக்கள் இருக்கிற பக்கம் முழுக்க ஒரே ரோஸ் நிறம்தான். கல்லிகா, டமாஸ்க், சாந்திஃபோலியா, வெள்ளையில் லேசாய்ச் சிவந்த ஆல்பா. இப்ப பூக்கடையில் காணுற அந்த ரத்தச் சிவப்பைத் தேடினால் அந்தப் பக்கத்தில் கிடைக்காது.

கல்லிகாவில் மருத்துவர் ரோஜா என்று ஒன்று இருக்கு. இங்க ப்ரொவேன் (Provins) என்ற பழைய ஊரில் மருந்துக்கு அதைத்தான் வளர்த்தவை, இப்பவும் அதில ஜாம் செய்து விக்கினம். இங்கிலாந்தில் லங்காஸ்டர் குடும்பத்தின்ட சிவப்பு ரோஜா என்று சரித்திரத்தில் படிச்சிருப்பீங்கள், யோர்க் குடும்பத்துக்கு வெள்ளை, லங்காஸ்டருக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பு என்று சொல்லப்படுறது இந்தப் பூதான். செடிக்கு முன்னால் நின்று பார்த்தால் ஆரும் சிவப்பு என்று சொல்ல மாட்டினம், கடும் ரோஸ் என்றுதான் சொல்லுவினம். அந்தக் காலத்து ஆக்களுக்கு அதுதான் சிவப்பு ரோஜா, ஏனென்றால் அதைவிடச் சிவப்பாய் ஒன்று அவைக்குப் பழக்கமில்லை.

தெளிவான சிவப்பு சீனாவிலிருந்து வந்தது. ஸ்லேட்டர்ஸ் கிரிம்சன் என்ற செடி 1792 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. அதுக்குப் பிறகுதான் இந்தக் காதலர் தினச் சிவப்பெல்லாம் பிறக்குது.

இன்னொன்று. பிரெஞ்சில் பூவுக்கும் ரோஸ், நிறத்துக்கும் ரோஸ், ஒரே சொல். ஜெர்மனில் ரோசா. தேன்மொழி அக்காவின்ட அம்மா ரோஸ் கலர் என்று சொன்னது எவ்வளவு பழைய உண்மை எண்டு பாருங்கோ!

ஏடு_புரட்டி

கௌரி அம்மா, கண் கலங்கிவிட்டது. இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆங்கிலத்தில் மட்டும் பிங்க் என்பது ரோஜாவிலிருந்து வந்த பெயர் இல்லை. டயாந்தஸ் என்ற சின்னப் பூவுக்கு அங்கே பிங்க் என்று பெயர், கார்னேஷனின் தங்கை. அந்தப் பூவின் பெயர்தான் நிறத்துக்கு ஒட்டிக்கொண்டது. பாரசீகத்தில் குல் என்றால் பூ, ஆப் என்றால் நீர், குலாப் என்றால் ரோஜா நீர். அது இந்திக்கு வந்து பூவுக்கே பெயராகி, குலாபி என்றால் நிறம் என்றும் ஆகிவிட்டது. நம்மிடம் பனிநீர், பன்னீர். அதைத் தரும் பூ பன்னீர் ரோஜா. ஆனால் சங்க காலத்தில் இந்தப் பூ நம்மிடம் இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார், ரோஜா என்று காட்டக்கூடியது ஒன்றும் அதில் இல்லை. பின்னால் வந்து நம் வீட்டுக்குள் ஒருத்தியாகிவிட்ட பூ.

ஹமீது_காரைக்கால்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். பன்னீர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சவூதியில் தாயிஃப் பக்கம் ஒன்பது வருடம் ஓட்டுநராக இருந்தேன். மக்காவிலிருந்து அல் ஹதா மலைப்பாதை ஏறினால் வெயில் குறைந்து காற்று மாறும், மார்ச் கடைசி, ஏப்ரலில் போனால் அந்தக் காற்றிலேயே ரோஜா இருக்கும். டமாஸ்க் ரோஜாதான், அங்கே தாயிஃப் ரோஜா என்பார்கள், முப்பது இதழ். வருடத்தில் அந்த ஒரு பருவம் மட்டும் பூக்கும்.

சூரியன் ஏறினால் மணம் போய்விடும் என்று சுபுஹு தொழுகை முடிந்த கையோடு பறிக்க இறங்கிவிடுவார்கள். நான் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போவேன். பெரிய செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு மூடி, கீழே அடுப்பு எரியும். மேலே போகிற ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் நுழைந்து குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குடுவையில் விழும். குடுவையின் கழுத்தில், தண்ணீருக்கு மேலே, விரல் நகம் கனத்துக்கு ஒரு மஞ்சள் படலம் நிற்கும். அதுதான் அத்தர். அங்கேயும் தோலாக் கணக்குதான். ஒரு தோலா, பன்னிரண்டு கிராம்கூட வராது, அதற்குப் பத்தாயிரம் பூவுக்கு மேல் வேண்டும். கஅபாவைக் கழுவும் ஜம்ஜம் நீரில் கலப்பது இந்த ரோஜாவின் மணத்தைத்தான். முதல் தடவை அந்தக் குடுவையை என் கையில் கொடுத்தபோது ஊரில் மஸ்தான் சாஹிப் தர்காவின் நினைப்பு வந்து அப்படியே நின்றுவிட்டேன். அங்கே பூப்போர்வை, இங்கே அத்தர், மணம் ஒன்றுதான்.

தளி_விவசாயி

ஹமீது பாய் எழுதியதில் ஒரு வரி முக்கியம், எல்லோரும் தாண்டிப் போயிருப்பீர்கள். "வருடத்தில் ஒரு பருவம் மட்டும் பூக்கும்." நம் ஊர்ப் பன்னீர் ரோஜா வருடம் பூராவும் பூக்கிறதே, எப்படி?

நான் பாலிஹவுஸில் தாஜ்மஹால், நோப்ளஸ் என்று ஏற்றுமதி ரகம் போட்டுப் பார்த்தவன். நோப்ளஸ் பிங்க், கண்ணுக்கு அவ்வளவு அழகு, ஆனால் மொட்டாக வெட்டிக் குளிர் அறையில் வைத்து அனுப்புகிற பூ, மணம் என்று பெரிதாக ஒன்றும் இராது. இப்போது அரை ஏக்கரில் பன்னீர் ரோஜா. விடிவதற்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். காம்போடு வெட்டுவதில்லை, பூவை மட்டும் கிள்ளிப் போடுவது. கூடை நிறைவதற்குள் விரல் நுனி எல்லாம் மணக்கும். சாக்கில் அழுத்தி அடைத்தால் உள்ளே சூடேறி இதழ் கறுத்துவிடும், அதனால் ஈரத் துணி போட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். மார்க்கெட்டில் கிலோக் கணக்கு. மாலைக்கும் உதிரிக்கும் குல்கந்துக்கும் போகும்.

நர்சரியில் இதற்கு எட்வர்ட் என்று பெயர் சொல்வார்கள். நம் மார்க்கெட்டுக்குப் பன்னீர் ரோஜா என்று வருவது பெரும்பாலும் இந்த எட்வர்ட்தான், டமாஸ்க் இல்லை. பூர்பன் வகை என்று வேளாண்மைப் பயிற்சியில் சொன்னார்கள். ஒட்டுக்கட்ட அடிச்செடியாகவும் இதை வைப்பதுண்டு. எட்வர்ட் யார் என்று கேட்டேன், பழைய இங்கிலாந்து ராஜாவாக இருக்கும் என்றார்கள். யாருக்காவது தெரியுமா?

கௌரி_பாரிஸ்

அண்ணா!! எட்வர்ட் இல்லை, எதுவார்! லாயி-லே-ரோஸ் தோட்டத்தில் பூர்பன் ரோஜாக்கள் என்று தனியாய் ஒரு பகுதி இருக்கு. அதின்ட கதை இதுதான்.

ரியூனியன் தீவுக்குப் பழைய பேர் பூர்பன். அங்க காணிக்கு வேலியாய் ரெண்டு வரிசை ரோஜா நடுவினமாம். ஒரு வரிசை டமாஸ்க்கிலேயே ஒரு பருவத்தோட நிக்காமல் திரும்பவும் பூக்கிற வகை, மற்ற வரிசை சீனத்து ரோஜா. அந்தச் சீனத்து ரோஜாதான் ஓல்ட் பிளஷ், அதுவும் ரோஸ் நிறம்தான். சீனத்தில் அந்த வகைக்கு மாதப்பூ என்று பொருள் வருகிற பேர் இருக்கு, மாதா மாதம் பூக்கிறதால். ரெண்டு வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் நிண்டதால் தேனீ செய்த வேலை, வேலிக்குள் ஒரு புதுச் செடி முளைச்சது. டமாஸ்க்கின்ட மணம், சீனத்தின்ட ஓயாத பூப்பு. 1817-இல் பிரெஞ்சு அரசாங்கம் அனுப்பின பிரேயோன் என்ற தாவரவியலாளர் அந்தத் தீவுக்கு வந்து அதைப் பெருக்கி, பாரிசுக்குப் பக்கத்தில் நெய்யி அரண்மனைத் தோட்டக்காரர் ஜாக்குக்கு அனுப்பினவர். அதின்ட பேர் ரோஸ் எதுவார். எங்கட ஊர் நர்சரிக்காரர் வாயில் அது எட்வர்ட் ஆகிட்டுது.

வருடம் முழுக்க ஏன் பூக்குது என்று கேட்டீங்கள் தானே? தாய் ஒருத்தி சீனத்துக்காரி, அதால்தான். ஹைபிரிட் டீ என்ற இப்பத்தைய புது ரோஜா வகையில் முதலாவது என்று சொல்லுற லா ஃப்ரான்ஸ், 1867-இல் லியோனில் கியோ வெளியிட்டது, அதுவும் ரோஸ் நிறம். பழைய ரோஜா, புது ரோஜா என்று ஆக்கள் கோடு கிழிக்கிறதே அந்தப் பூவில்தான்.

ஹமீது_காரைக்கால்

ரியூனியன் என்றதும் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும்தான் கப்பல் கப்பலாக நம் ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிக்கு அந்தத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் அவர்கள் பிள்ளைகளை மலபார் என்றுதான் அழைக்கிறார்கள். அந்த ரோஜா வேலிகளின் ஓரமாக நம் ஜனங்கள் நடந்திருப்பார்கள். நம் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிற செடிக்கு அந்தத் தீவில் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று இரவு எனக்குத் தூக்கம் வராது.

முத்துக்குமார்_மதுரை

இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன், இன்று ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் அப்பா போய்விட்டார். எங்கள் பக்கம் ஊர்வலத்தில் வழி நெடுக உதிரிப் பூ போடுவோம். நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து மூட்டையாக வந்தது, செவ்வந்தியும் பன்னீர் ரோஜாவும். அண்ணன் மகளுக்கு அதே மாதம்தான் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது, தள்ளிப்போட்டு நாலு மாதம் கழித்து நடந்தது. அங்கே சம்பந்திக்குப் பன்னீர் தெளித்தபோது எனக்கு அப்பா போன தெருதான் தெரிந்தது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டேன். சின்னம்மா வந்து, "ஏன்டா, அவரே வந்து தெளிச்ச மாதிரி நினைச்சுக்க" என்றார். அட்டையில் எந்த அர்த்தம் எழுதினாலும் எனக்கு அந்த மணம் இனி அப்பாதான்.

பூக்கடை_சரவணன்

முத்து அண்ணா, மனசு கனத்துவிட்டது. அட்டையைப் பற்றி இனி நான் வாதாடவில்லை. தேன்மொழி சகோதரி, கொத்து வாங்காதீர்கள் என்று ஒரு பூக்கடைக்காரனே சொல்கிறேன். கிணற்றடிச் செடியில் பூத்ததைக் கொண்டுபோங்கள்.

தேன்மொழி_வத்தலக்குண்டு

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ரியூனியன் கதையை இரண்டு தரம் கேட்டார். செடியில் மொட்டு இருக்கிறதாம். டீச்சருக்கு ஒரு பதியனும் கொடுக்க ஆசை. தளி அண்ணா, எப்படி வைப்பது? மாதக் கடைசிக்குள் வேர் பிடிக்குமா?

தளி_விவசாயி

மாதக் கடைசிக்குள் பிடிக்காதம்மா. பென்சில் கனத்தில், பூத்து முடிந்த கிளையாகப் பார்த்து ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். அடியில் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டு. மேலே இரண்டு இலை போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மணலும் மக்கிய சாணமும் கலந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றி நிழலில் வையுங்கள். துளிர் வந்தவுடன் வேர் வந்துவிட்டது என்று இழுத்துப் பார்க்காதீர்கள், பாதிச் செடி அப்படித்தான் போகும். நாலு ஊன்றினால் ஒன்றாவது நிற்கும். இப்போதைக்குப் பூ கொடுங்கள், செடியைப் பின்னால் ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

தேன்மொழி_வத்தலக்குண்டு

நேற்றுப் போய்வந்தோம். வாழை இலையில் சுற்றி பதினோரு பூ. டீச்சர் வாங்கியதும் முகத்தில் வைத்து முகர்ந்துவிட்டு, "நீ அந்தக் கிணற்றடிப் பொண்ணுதானே" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. பூவின் பாகங்கள் பாடம் நடத்திய அன்று என் பூவை எடுத்துத்தான் பிரித்துக் காட்டினாராம், நான் மறந்தே போயிருந்தேன்.

இந்த இழையில் படித்ததை எல்லாம் சொன்னேன், ஓல்ட் பிளஷ், பூர்பன் வேலி, தாயிஃப் குடுவை வரைக்கும். கேட்டுக்கொண்டே ஒரு பூவை எடுத்து இதழ் இதழாக மேசையில் வைத்துக்கொண்டு வந்தார். காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ்தான், இவ்வளவு அடுக்கு வந்தது மகரந்தத் தாள்கள் இதழாக மாறியதால் என்றார். நடுவுக்கு வரவர இதழ் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் நகத்தளவு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பாதி ரோஸ் இதழ், அதன் ஓரத்தில் இன்னும் மாறி முடிக்காத ஒரு மஞ்சள் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா வீட்டில் நாலு குச்சி ஊன்றியாகிவிட்டது.